உமிச்சாம்பல் கலந்த ஜெல் ஏன் விண்டுபோகிறது?

கேள்வி: நிலாவெளியில் எங்கள் மணற்பாங்கான தோட்டத்துக்காக, கார்பொக்சிமீதைல் செலுலோசையும் (நீரில் கரையும் செலுலோசுத் தூள்) சித்திரிக்கமிலத்தையும் நீரில் கரைத்து, உலர்த்தி, சூடாக்கி, நீருறிஞ்சும் ஜெல் செய்கிறேன். ஊறியதும் குழைந்துவிடுகிறது. தம்பலகாமத்து அரிசி ஆலையிலிருந்து உமிச்சாம்பல் எடுத்துக் கலந்தேன். முதலில் விறைப்பாக வந்தது. சாம்பலைக் கூட்டியதும் விரலால் அழுத்தவே விண்டுபோகிறது. எவ்வளவு சேர்ப்பது சரி?

பதில்: அளவுக்கு முன்பாகத் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: சாம்பல் ஜெல்லை உண்மையில் பற்றிப் பிடிக்கிறதா?

கெட்டியான துணிக்கை நசுங்காது. ஜெல்லை அழுத்தினால், துணிக்கைகளுக்கு இடையில் உள்ள மென்பகுதிதான் முழு அழுத்தத்துக்கும் வளைந்துகொடுக்க வேண்டும். விறைப்புக் கூடுவதற்கும் சீக்கிரம் விண்டுபோவதற்கும் இது ஒரு பொதுக் காரணம். ஐன்ஸ்டைன் 1906இல் திரவங்களுக்குத் தொடங்கிய கணக்கை இறப்பருக்கு விரித்த கூத்–கோல்ட் சமன்பாட்டின்படி, நன்றாக ஒட்டிய துணிக்கைகள் கனவளவில் 5 சதவீதம் இருந்தால் விறைப்பு சுமார் 1.16 மடங்காகும், 20 சதவீதத்தில் ஏறத்தாழ இரு மடங்காகும்.

ஆனால் உங்கள் ஜெல் ஊறுகிறது. உலர்ந்த நிலையில் 20 சதவீதமாக இருந்த சாம்பல், ஜெல் பத்து மடங்கு பெருத்ததும் 2 சதவீதமாகிவிடும். அப்போது சாம்பல் இடத்தை அடைத்திருப்பதால் மட்டும் கிடைக்கும் விறைப்பு 6 சதவீதம்கூட இல்லை. எனவே சாம்பலை அள்ளிக் கொட்டுவது வீண். செலுலோசுச் சங்கிலிகள் துணிக்கையின் மேற்பரப்பைப் பற்றினால், ஒவ்வொரு துணிக்கையும் வலையில் ஒரு முடிச்சாகும். அதில்தான் பலன் இருக்கிறது. பற்றாத துணிக்கை ஜெல்லுக்குள் ஓர் ஓட்டையைப் போன்றது. அது விறைப்பைக் குறைக்கவும் செய்யும்.

இங்கே உமிச்சாம்பலுக்கு ஒரு நல்ல குணமும் ஒரு கெட்ட குணமும் உண்டு. மிகையாகச் சூடேறாமல், 700 பாகை செல்சியசுக்குக் கீழே எரிந்த சாம்பலில் உள்ள சிலிக்கா பளிங்காக மாறியிருக்காது. அதன் மேற்பரப்பு செலுலோசை எளிதில் பற்றும். ஆனால் சாம்பலில் பொற்றாசியமும் இருக்கிறது. அதன் காரத்தன்மை சித்திரிக்கமிலத்தை நடுநிலையாக்கிவிடும். சங்கிலிகளைக் குறுக்கே பிணைப்பது அந்த அமிலம்தான். சாம்பலைக் கூட்டக் கூட்ட நீங்கள் பிணைப்பையே குறைத்திருக்கிறீர்கள் என்பது என் பலமான சந்தேகம். கழுவிய நீரில் தோய்த்த சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமாக மாறுவது நிற்கும் வரை சாம்பலைப் பலமுறை நீர் மாற்றிக் கழுவுங்கள்.

அடுத்து, கட்டிகள். விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். உலர்ந்த சாம்பலை நுண்ணிதாக அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். அரைக்கும்போது முகக்கவசம் அவசியம். சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு. சலித்ததை முதலில் வெறும் நீரில் கலக்கி, செலுலோசைப் பிறகு தூவுங்கள். கலவை தடித்தபின் கட்டிகள் உடையாது.

கழுவிய சாம்பலை, செலுலோசின் எடையில் 5, 10, 20 சதவீதமாக மூன்று தொகுதிகளிலும் சாம்பலே இல்லாமல் ஒரு தொகுதியிலும் சேர்த்துப் பாருங்கள். ஒரே அளவு வில்லைகளை ஊறவைத்து, மேலே எடையைப் படிப்படியாக ஏற்றி, எவ்வளவு தாழ்கிறது, எந்த எடையில் விள்கிறது என்ற இரண்டையும் குறியுங்கள். ஊறிய எடையையும் எழுதுங்கள். குறைவாக ஊறிய ஜெல் சாம்பலின் உதவியின்றியே விறைப்பாகத் தெரியும். கடலோரக் கிணற்று நீரில் உப்பிருந்தால் இந்த ஜெல் நன்னீரில் போல ஊறாது. ஆகவே இந்தச் சோதனைக்குக் குழாய் நீர் வேண்டாம், தோட்டத்துக்கு இறைக்கும் நீரையே எடுங்கள்.