கேள்வி–பதில்: தொலைந்த திருமுழுக்குத் தொட்டிகள்

கேள்வி: லூர்து அன்னை ஆலயத்தில் என் பேரனின் திருமுழுக்கின்போது ஓர் ஐயம் எழுந்தது. லண்டன் மாநகரின் மறைந்துபோன தேவாலயங்களிலிருந்த இடைக்காலத் தொட்டிகள் என்னவாயின?
– வாசகர், சிராங்கூன்

பதில்: தீயைவிட ஆணையே முதலில் அவற்றைத் தாக்கியது. மந்திரித்த நீரைச் சூனியக்காரர் திருடாதிருக்க மூடியிட்டுப் பூட்டிக் காக்கப்பட்ட அக்கல்தொட்டிகளை அகற்றுமாறு 1644இல் நாடாளுமன்றம் உத்தரவிட்டதால், இங்கிலாந்தெங்கும் பல உடைக்கப்பட்டன. சில மாடுகளுக்குத் தண்ணீர் காட்டவும் பயன்பட்டன. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயில் 87 ஆலயங்கள் எரிய, 51 மட்டுமே கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென்னின் மேற்பார்வையில் மீண்டும் எழுந்தன. அவற்றிற்குப் பெரும்பாலும் புதிய தொட்டிகளே செய்யப்பட்டன. பங்குகளை இணைத்து மிகுதியான ஆலயங்களை அகற்ற வழிசெய்த 1860ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் இடிக்கப்பட்ட ஆலயங்களிலிருந்து புறநகர்களுக்குச் சென்றவையும் பெரும்பாலும் இவையே என்பதால், அங்குள்ள பழந்தொட்டியை இடைக்காலத்தது என்று நம்பிவிடுவது அவசரம்.