ஒரு குழிக்கு ஒரு செல்: பி.டி.எம்.எஸ். நுண்குழிகள் குறித்த கேள்விகள்

பி.டி.எம்.எஸ். என்பது அச்சில் வார்த்தெடுக்கும் சிலிக்கோன் ரப்பர். அதிலுள்ள நுண்குழிகளில் செல்களை (உயிரணுக்களை) ஒவ்வொன்றாகப் பிடித்து ஆராய்வது பற்றிய கேள்விகள் இவை.

கேள்வி: 50 மைக்ரான் குழிகளில் பாதி காலி, பல குழிகளில் இரண்டு, மூன்று செல்கள். செல்களை ஊற்றும் முறை தவறா?

ஊற்றும் முறையில் தவறில்லை, குழிதான் பெரிது. இடம் தாராளமாக இருந்தால் செல்கள் தற்செயலாக, அதாவது பாய்சான் பரவல் என்ற நிகழ்தகவுக் கணக்கின்படியே விழும். குழிக்குச் சராசரி 1 செல் என்றால் 37% காலி, 37% ஒற்றை, 26% ஒன்றுக்கு மேல். சராசரியை 0.3 ஆக்கினால் 74% காலியாகும். ஒற்றை 22%, கூட்டம் 4%. காலிக் குழியால் நஷ்டமில்லை, இரட்டைச் செல்தான் தரவைக் கெடுக்கும்.

நுண்நோக்கியில் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் குழியைச் சுருக்குங்கள். 10–12 மைக்ரான் செல்லுக்கு 20 மைக்ரான் விட்டமும் ஏறக்குறைய அதே ஆழமும் போதும். ஒன்று அமர்ந்துவிட்டால் அடுத்ததற்கு இடமிராது. அப்போது செல்களைத் தாராளமாக ஊற்றி, 10–15 நிமிடம் படியவிட்டு, மிச்சத்தை ஓரத்திலிருந்து மெல்லக் கழுவி எடுக்கலாம். ஆழம் குறைந்தால் கழுவும்போதே செல் வெளியேறும். கூடினால் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிக்கொள்ளும். எந்த அளவானாலும் முதலில் 40 மைக்ரான் வடிகட்டியில் வடித்துவிடுங்கள். ஒட்டிக்கிடக்கும் செல்களைக் குழி பிரித்துத் தராது.

கேள்வி: குழிகளுக்குள் காற்று அடைத்துக்கொள்கிறது.

பி.டி.எம்.எஸ். நீரை ஒட்டவிடாத பரப்பு. பிளாஸ்மா (மின்னூட்டிய வாயு) காட்டினால் சரியாகும், ஆனால் காற்றில் வைத்தால் சில மணி நேரத்தில் பழைய குணம் திரும்பத் தொடங்கும்; உடனே பஃபருக்குள் (செல்களுக்கு ஏற்ற உப்புக் கரைசலுக்குள்) போடுங்கள். பிளாஸ்மா இல்லாதவர்கள் 70% எத்தனாலால் நனைத்து, உலரவிடாமல் மூன்று முறை பஃபர் மாற்றலாம். பஃபரில் மூழ்கிய குழிச் சில்லை வெற்றிட டெசிகேட்டரில் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் மூடிய கலத்தில்) 10–15 நிமிடம் வைத்தாலும் குமிழ்கள் கிளம்பிவிடும்.

கேள்வி: பெயர்த்தெடுக்கும்போது அச்சிலிருக்கும் தூண்களும் கூடவே வந்துவிடுகின்றன.

பி.டி.எம்.எஸ்ஸில் குழி என்றால் அச்சில் அது எஸ்.யு-8 தூண்; எஸ்.யு-8 என்பது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பிசின். காலடி சிறியது என்பதால் இழுவையில் முதலில் பிடி விடுவது அங்கேதான். எஸ்.யு-8 பூசுமுன் வேஃபரை (அச்சின் அடித்தளமான சிலிக்கான் தகட்டை) 200 டிகிரி செல்சியஸில் உலர்த்தினீர்களா? புற ஊதா அளவு குறைந்தால் அடிப்பாகம் இறுகாமல் நிற்கும். வார்க்கும் முன், வார்ப்பு அச்சில் ஒட்டாதிருக்க ஃபுளூரோசிலேன் ஆவி காட்டுவது கட்டாயம்: புகைக்கூண்டுக்குள் டெசிகேட்டரை வைத்து, சில துளிகள், வெற்றிடத்தில் ஒரு மணி நேரம். நல்ல அச்சு கிடைத்ததும் எப்பாக்சியில் நகல் எடுத்து, இனி நகலிலேயே வார்த்தெடுங்கள்.

கேள்வி: வார்ப்பு அங்கங்கே பிசுபிசுக்கிறது.

பி.டி.எம்.எஸ். அடிப்பொருளுக்கும் அதை இறுகவைக்கும் பொருளுக்கும் உள்ள 10:1 விகிதம் எடைக் கணக்கு. நன்றாகக் கலக்க வேண்டும். லேடெக்ஸ் கையுறையின் கந்தகம், இறுகவைக்கும் பிளாட்டினம் வினையூக்கியை முடக்கும். நைட்ரைலுக்கு மாறுங்கள்.

கேள்வி: இதே குழிகளில் மருந்துச் சோதனை செய்யலாமா?

நீரில் எளிதில் கரையாத சிறு மூலக்கூறுகளை பி.டி.எம்.எஸ். உறிஞ்சிவிடும், செல்லுக்குப் போய்ச் சேரும் அளவு நீங்கள் ஊற்றியதைவிடக் குறையும். இதற்கு வெப்ப அழுத்தத்தில் பதித்த பாலிஸ்டைரீன் குழிகளே ஏற்றவை.