நாளையை நினைக்காதவர் யார்?

அன்புள்ள ஐயா,

எனக்குப் பாம்பன் பக்கம். சென்னையில் வேலை. ஆபீஸ் பயிற்சி வகுப்பில் சிம்பார்டோ என்ற உளவியலாளரின் கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார்கள். நேற்று, இன்று, நாளையை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்று அளப்பது. எனக்குக் கசப்பான கடந்தகாலம்தான் அதிகம் என்று வந்தது. உண்மைதான், பழைய அவமானங்களையே இரவெல்லாம் நினைக்கிறேன். நிகழ்காலத்தில் வாழ் என்கிறார்கள், முடியவில்லை. அம்மா கடலில் இறங்கிக் கடற்பாசி எடுப்பவர். எங்கள் ஜனங்கள் நாளையைப் பற்றி நினைக்காமல், விதி என்று இருப்பவர்கள். ஆனாலும் நிம்மதியாக இருக்கிறார்கள். எனக்கு ஏன் அது வாய்க்கவில்லை?

ர., சென்னை

அன்புள்ள தம்பி,

போன மாதம் உங்கள் பாம்பனுக்குப் பக்கத்திலிருக்கும் மண்டபம் ஊரில் ஒரு கூட்டம். சேமிப்பைப் பற்றிப் பேச வந்த ஒருவர், "இந்த மக்களுக்கு நாளைங்கிற நினைப்பே கிடையாது" என்று மைக்கில் சொன்னார். அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. இப்போது நீங்களும் அதையே எழுதுகிறீர்கள்.

அந்தக் கேள்வித்தாள் 1999-இல் சிம்பார்டோவும் பாய்டும் வெளியிட்டது, 56 வாக்கியங்கள் கொண்டது. கசப்பான கடந்தகாலம் மிகுந்தவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் கூடுதலாகத் தெரிகின்றன என்பது சரி. அதற்காக மதிப்பெண்ணை ஜாதகம்போல் மடியில் கட்டிக்கொண்டு அலையாதீர்கள். 'நிகழ்காலத்தில் வாழ்' என்ற உபதேசத்தையும் விட்டுத் தள்ளுங்கள்.

என் பெரியம்மா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் வீட்டையும் உறவுகளையும் இழந்தவர். அந்த இரவைச் சொல்ல ஆரம்பித்தால் புயலோடு நிற்கமாட்டார். தலைமன்னாருக்குக் கப்பலேற வந்த கூட்டம், ரயிலடிக் கடைகள், தன் கல்யாணத்துக்கு வந்த சீர் எல்லாம் வரும். அழுதுகொண்டிருந்தவர் நடுவில் சிரித்துவிடுவார். இழந்ததை ஒருநாளும் குறைத்துச் சொன்னதில்லை. கேட்க நாங்கள் சுற்றி உட்கார்ந்திருந்தோம். நீங்கள் தனியாகப் படுத்துக்கொண்டு நினைக்கிறீர்கள், தம்பி. யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள். தூக்கமே போய்விட்டதென்றால் மருத்துவரைப் பாருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி திட்டவேண்டியதைத் திட்டிவிடுகிறேன். விதி என்று இருப்பவர்களா? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் தேசியப் பூங்கா ஆயின. பாட்டி காலத்திலிருந்து பாசி எடுத்த தீவில் கால் வைப்பதே குற்றமாயிற்று. விசைப்படகில் போகிறவருக்கு, இலங்கைக் கடற்படையிடம் சிக்கினால் படகு திரும்புமா என்பது தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. இப்படி இருப்பவர் "திட்டம் போட்டு என்ன ஆகப்போகுது" என்றால், கேள்வித்தாள் அவரை விதியை நம்புகிறவர் கணக்கில் சேர்த்துவிடும். அவர் சொன்னது தன் பிழைப்பின் நிலவரம். அதில் மனக்கோளாறு எங்கே இருக்கிறது?

இத்தனைக்கும் நடுவில் உங்கள் அம்மாவைப்போல் பாசி எடுக்கும் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? தினமும் கடலில் இறங்கினால் தினமும் காசு. அப்படியிருந்தும் மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இரும்பால் சுரண்டினால் பவளப்பாறை கெடும் என்று அதை விட்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கையாலேயே பறிக்கிறார்கள். இந்த வேலைக்காகத்தான் பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி அம்மாவுக்கு, தீவுகளின் இயற்கையைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015-இல் கிடைத்தது. இன்றைய கூலியைப் பாறையிலேயே விட்டுவிட்டுக் கரையேறுகிறவர்களைப் பார்த்து நாளையை நினைக்காதவர்கள் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நிம்மதியாக இருக்கிறார்கள் என்று யார் சொன்னது? அம்மா கவலையை உங்களிடம் காட்டவில்லை, அவ்வளவுதான். உங்கள் காலேஜ் பீஸை எந்த நாளையை நினைத்துக் கட்டினார்?

அடுத்த அமாவாசைக்கு லீவு போட்டு ஊருக்குப் போங்கள். இந்த மாதம் கடலுக்குள் எந்தப் பாறைத்திட்டில் எந்தப் பாசியைத் தொடாமல் விட்டார், ஏன் விட்டார் என்று அம்மாவிடம் கேளுங்கள். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள், எனக்கும் அனுப்புங்கள்.