மொட்டை மாடியில் ஹாலோ பிளாக் பெஞ்சு

கேள்வி: கடலோரத்தில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போட்ட இரும்பு நாற்காலிகள் துருப்பிடித்து வீணாகிவிட்டன. வீடு கட்டியபோது மீந்த, நடுவில் துளையுள்ள ஹாலோ பிளாக் கான்கிரீட் கற்களைக் கொண்டு நாங்களே பெஞ்சு அமைக்கலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: தாராளமாக அமைக்கலாம். உப்புக்காற்று ஓயாமல் வீசும் உங்கள் பகுதிக்கு இரும்பைவிட அதுவே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. 8 அங்குல உயரக் கற்களை இரண்டு அடுக்காக வைத்து, அதன்மேல் ஒன்றரை அங்குலத் தேக்குப் பலகையைப் போட்டால், வயதானவர்களும் சிரமமின்றி உட்கார்ந்து எழக்கூடிய உயரம் கிடைத்துவிடும். ஐந்தடிப் பலகையானால் நடுவிலும் ஒரு தாங்கல் கொடுங்கள். இரண்டு அடுக்குகளுக்கும் இடையே சிமெண்ட் கலவை பூசுவது அவசியம்.

பலகை நழுவாதிருக்க, மேலடுக்குக் கற்களின் துளைகள் வானம் பார்த்திருக்குமாறு வைத்து, அத்துளைகளில் சற்றுத் தளர்வாக இறங்கும்படி மரக்கட்டைகளை அறுத்து, பலகையின் அடிப்புறத்தில் துருப்பிடிக்காத எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவால் முடுக்கிவிடுங்கள். இறுக்கமாக அறுத்தால், மழையில் மரம் உப்பும்போது சிக்கிக்கொள்ளும். தளர்வாக இருந்தால், அடைமழைக் காலத்தில் பலகையை மட்டும் தூக்கி உள்ளே வைத்துவிடலாம்.

கல் ஒவ்வொன்றும் நல்ல எடை என்பதால், தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ ஓடும் இடத்தின் மேல், மழைநீர் வடியும் வழியை மறிக்காமல் வையுங்கள். ஆனால் கைப்பிடிச் சுவரை ஒட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். பெஞ்சின் மேல் ஏறி நிற்கும் குழந்தைக்கு அந்தச் சுவரின் உயரம் ஏறக்குறைய ஒன்றரை அடி குறைந்துவிடும்.