புல்டெக் மாதிரி ப்ளக்-இன் வாங்கினால் மிக்ஸ் கனமாகுமா?

பாட்டின் ட்ராக்குகளைக் கலந்து மிக்ஸ் செய்யும்போது, மென்பொருளோடு வரும் ஸ்டாக் ஈக்யூவை (ஒலியின் தாழ், உயர் பகுதிகளை ஏற்றி இறக்கும் கருவி) விட்டுவிட்டு, பழைய புல்டெக், நீவ் ஈக்யூ பெட்டிகளைப் போலச் செய்த ப்ளக்-இன் (கூடுதல் மென்பொருள்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக உங்கள் கிக் டிரம்மும் பேஸும் தாழ் ஒலியில் முட்டிக்கொண்டு நிற்கும். ஏதோ ஒரு வீடியோவில் ஒரே ஒரு குமிழைத் திருப்பியதும் எல்லாம் சரியானதைப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

ஒரு பாட்டில் 22 ட்ராக்கிலும் அதைப் போட்டேன். பைபாஸ் செய்தால், அதாவது ப்ளக்-இன்னை அணைத்தால், பாட்டே சோர்ந்துபோகும், திரும்பப் போட்டால் உயிர் வரும். இரண்டு ராத்திரி தூங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். கூட இருந்த டிரம்மர்தான், "பைபாஸ் பண்ணா சத்தமும் கம்மியாகுதே?" என்று கேட்டார். அளந்து பார்த்தேன். எல்லாக் குமிழும் பூஜ்யத்தில் இருக்கும்போதே சத்தத்தை ஏறக்குறைய 1 டிபி (டெசிபல்) ஏற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தது. லெவலைச் சமமாக்கிக் கேட்டால் பெரும்பாலான ட்ராக்கில் வித்தியாசமே பிடிபடவில்லை. மனசு விட்டுப்போச்சு.

ஆனால் பேஸில் மட்டும் அதை எடுக்க மனம் வரவில்லை. புல்டெக் ஈக்யூபி-1ஏவில் தாழ் ஒலிக்கு 20, 30, 60, 100 ஹெர்ட்ஸ் என்று நான்கே இடங்கள். அங்கே ஏற்றுகிற பூஸ்ட்டும் குறைக்கிற அட்டெனும் தனித்தனிக் குமிழ்கள். 60இல் இரண்டையும் சேர்த்து ஏற்றினால் ஒன்றையொன்று அடித்துவிடும் என்றுதான் தோன்றும். அப்படி நடக்காது, இரண்டின் வளைவும் ஒரே இடத்தில் உட்காருவதில்லை. அடியில் மேடு, அதற்குச் சற்று மேலே பள்ளம். பேஸின் அடி கெட்டியானது, மேலே இருந்த மந்தம் போனது, கிக் தெளிவாக வந்தது. அதே வளைவை ஸ்டாக் ஈக்யூவில் இரண்டு பேண்டால் (தனித்தனியாக ஏற்றி இறக்கும் பகுதிகள்) வரையலாம், பிறகு வரைந்தும் பார்த்தேன். ஆனால் அந்தக் குமிழ்களைத் தொடாமல் இருந்திருந்தால் எனக்கு அப்படி வரையத் தோன்றியே இருக்காது.

"ட்யூப் கலர் உனக்குக் கேட்கவில்லையா" என்று, பழைய வால்வு ஆம்ப் ஒலிக்குச் சேர்க்கும் தன்மையைச் சொல்லிச் சிலர் வருவார்கள். கேட்கிறது. புல்டெக்கில் தானாகச் சத்தத்தை ஏற்ற முடியாத பாசிவ் ஃபில்டர் தின்றுவிட்ட லெவலை ட்யூப் ஆம்ப் மீட்டுக் கொடுக்கும்போது கொஞ்சம் ஹார்மானிக்ஸ் (கூடுதல் மேல்சுரங்கள்) சேரும், நல்ல ப்ளக்-இன்கள் அதையும் பிடிக்கின்றன. நான் மறுக்கவில்லை. முட்டிக்கொள்ளும் கிக்கையும் பேஸையும் அந்தக் கலர் பிரித்துவைக்காது, அவ்வளவுதான். ட்ரையல் எடுங்கள், லெவலைச் சமமாக்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு பைபாஸ் செய்து கேளுங்கள். அப்புறம் வாங்குங்கள்.