மாறுகண் ஆபரேஷன்: கண் நேராகும், பார்வை வராது

கேள்வி: என் மகளுக்கு வயது 24. இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு என்பதே பத்தாம் வகுப்பில்தான் தெரிந்தது. சோம்பேறிக்கண் (சிறு வயதில் மூளை பயன்படுத்தப் பழகாமல் விட்ட கண்), இனி கண்ணாடியாலும் தெளியாது என்றார்கள். சில வருடமாக அந்தக் கண் வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது. வரன் பார்க்கிறோம். தெரிந்தவர் ஒருவர், ‘லேசர் வைத்தால் கண்ணும் நேராகும், பார்வையும் வந்துவிடும், நானே கூட்டிப் போகிறேன்’ என்கிறார். போகலாமா?

பதில்: அவருடன் போகாதீர்கள் அம்மா. ஆபரேஷன் தாராளமாகச் செய்யலாம். ஆனால் உங்கள் மகளுக்கு வேண்டியது கண்ணை அசைக்கும் தசையில் செய்யும் சிகிச்சை. பவர் குறைக்கும் லேசர் கருவிழியில் வேலை செய்வது. ஒதுங்கிய கண்ணை அது இழுத்து நிறுத்தாது.

ஒரு கண்ணில் பார்வை மங்கினால், இரண்டு கண்களையும் சேர்த்துப் பிடித்து வைக்க மூளையால் முடிவதில்லை. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்தக் கண் காதுப் பக்கம் ஒதுங்கும். ஆபரேஷனில் அந்தப் பக்கத்துத் தசையை எடுத்துச் சற்றுப் பின்னால் தைப்போம். மூக்குப் பக்கத்துத் தசையைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்குவோம். கண்ணை வெளியே எடுப்பதெல்லாம் இல்லை. சுமார் ஒரு மணி நேர வேலை. தையல் தானே கரைந்துவிடும், சிவப்பு சில வாரம் இருக்கும். நிச்சயதார்த்தத் தேதியைக் குறித்துவிட்டு அவசரமாக வராதீர்கள். ஆறு வாரமாவது இடைவெளி வேண்டும்.

பார்வை மட்டும் வராது. அதற்கான சிகிச்சை, சிறு வயதில் கண்ணாடியும், நல்ல கண்ணுக்கு ஒட்டுப் போடுவதுமாகச் செய்திருக்க வேண்டியது. ஒன்றாம் வகுப்பிலேயே ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதித்திருந்தால் தெரிந்திருக்கும். பள்ளிகளில் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் படிக்கச் சொல்லி ‘நார்மல்’ என்று எழுதுவதை இன்னும் எத்தனை காலம் பொறுப்பது?

இந்த ‘தெரிந்தவர்’ பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஆள் கூட்டிப் போகிறவர்களில் பலர் கமிஷனுக்காகப் போகிறவர்கள். பார்வையும் வரும் என்று யாராவது சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். அன்றே முன்பணம் கட்டச் சொன்னாலும் அப்படியே. ‘எந்தக் கண்ணில், எந்தத் தசையில் செய்வீர்கள்?’ என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இடது கண் என்றுதான் பதில் வர வேண்டும். பார்வையுள்ள ஒரே கண்ணில் கை வைக்க விடாதீர்கள். ஆபத்து மிகக் குறைவுதான், ஆனால் அந்தக் குறைந்த ஆபத்தையும் அந்தக் கண்ணுக்குக் கொடுக்கக் கூடாது.

பார்வை வராது என்றேனே, அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நல்ல பார்வையோடு வளர்ந்தவருக்குப் பிற்பாடு கண்புரை வந்து பார்வை மறைந்து, அதனால் கண் ஒதுங்கியிருந்தால் கதை வேறு. அங்கே முதலில் புரையை எடுக்க வேண்டும். பார்வை திரும்பியதும் சிலருக்குக் கண் தானாகவே நேராகிவிடும். புரையைப் பல வருடம் அப்படியே விட்டிருந்தால் இரட்டைப் பார்வை வந்து தொல்லை கொடுக்கலாம். தசை ஆபரேஷன் அதற்கப்புறம்தான். அதனால்தான், காரணம் தெரிந்ததுதானே என்று விடாமல் விழித்திரை வரை பார்த்துவிடச் சொல்கிறேன்.

பார்வை இல்லாத கண்ணுக்குப் பிடிமானம் குறைவு. சில வருடங்களில் மறுபடியும் ஒதுங்கலாம், இன்னொரு தடவை செய்ய வேண்டி வரலாம். இன்சூரன்ஸில் சில சமயம் இதை அழகு சிகிச்சை என்று தள்ளிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கூசும் பெண்ணிடம் இதை எப்படி அழகு விஷயம் என்று சொல்வது? நிராகரித்தால் டாக்டரின் கடிதத்தோடு மறுபடி எழுதுங்கள்.

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ, அருகிலுள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கோ நேரே போய், மாறுகண் பார்க்கும் டாக்டரைக் கேளுங்கள். வரன் வீட்டாரிடம் பார்வைக் குறைவை மறைக்காதீர்கள். ஆபரேஷன் செய்தாலும் செய்யாவிட்டாலும், பவர் இல்லையென்றாலும், எளிதில் உடையாத பாலிகார்பனேட் கண்ணாடியை உங்கள் மகள் எப்போதும் போட்டிருக்கட்டும். வலது கண்ணில் அடிபட்டால் மாற்றுக்கு வேறு கண் இல்லை.