பத்து நிமிடத்தில் பார்த்த கல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேலை நிமித்தம் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகருக்குக் குடிவந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சனிக்கிழமைகளில் சாண்டிகேட் மைதானத்தில் ஹாலம் அணியின் கால்பந்து ஆட்டம் பார்ப்பதும், ஞாயிறுகளில் சுற்றுவட்டாரத்தில் பார்க்கத்தக்க இடங்களுக்குச் செல்வதும் என் வழக்கம். சென்ற வாரம் ஸ்டானேஜ் பாறைமுகட்டுக்கு அருகே காரை நிறுத்தி, பத்தே நிமிடத்தில் புகழ்பெற்ற ஆலைக்கற்களை, அதாவது மாவு அரைக்கச் செதுக்கிய வட்டக் கற்களை, பார்த்துவிட்டுத் திரும்பினோம். பிரீமியர் லீக் நடக்கும் நாட்டில் சில நூறு பேர் பார்க்கும் ஆட்டத்துக்குப் போகிறாயே என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். இவற்றையெல்லாம் எழுதலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நண்பர்களின் கேலியை விட்டுத்தள்ளுங்கள். 1860 டிசம்பர் 26 அன்று ஹாலமும் ஷெஃபீல்ட் கழகமும் சாண்டிகேட்டில் மோதியபோது இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கமே பிறந்திருக்கவில்லை. அது 1863இல்தான் வந்தது. உலகின் மிகப் பழைய கால்பந்து மைதானம் என்று கின்னஸ் ஏற்றுக்கொண்ட அந்தச் சரிவான திடலின் ஓரத்தில் நிற்பவர் கூச்சப்பட என்ன இருக்கிறது?

என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தின் ‘பத்தே நிமிடம்’. அதை ஒரு சாமர்த்தியம்போல எழுதியிருக்கிறீர்கள். கல்லைப் பார்த்தீர்கள், படம் எடுத்தீர்கள், திரும்பினீர்கள். அந்தக் கல்லை விடப் பெரிய ஒன்று உங்கள் கார்ச் சக்கரத்துக்கு அருகிலேயே தொடங்கியிருக்கும். அதைத்தான் கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பரில் நான் ஸ்டானேஜுக்கு அருகிலுள்ள ஹேதர்சேஜ் நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கி, முகட்டை நோக்கி நடந்தேன். மஞ்சள் அம்புக்குறி காட்டிய பாதை நேராக ஒருவருடைய மேய்ச்சல் நிலத்துக்குள் சென்றது. சுவரைத் தாண்டுவதற்குப் பதித்திருந்த கற்படி, எத்தனையோ தலைமுறைகளின் கால் பட்டு நடுவில் குழிந்து, அந்தக் குழியில் மழைநீர் தேங்கியிருந்தது. ஆடுகளுக்கு நடுவே நிலத்துக்காரர் வருவதைக் கண்டு, பிறர் இடத்தில் நுழைந்துவிட்ட பதற்றத்தில் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் என்னை வியப்பாகப் பார்த்து, “இது உங்கள் வழிதானே, படலை மட்டும் சாத்திவிடுங்கள்” என்றார்.

அன்றிலிருந்து நான் விடாமல் சொல்லிவருவது ஒன்றுண்டு: அந்த நாட்டின் மிகப் பெரிய நினைவுச்சின்னம் அதன் ஒற்றையடிப்பாதைதான். ஒரு வழியை மக்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல், ஒளிவுமறைவின்றி, 20 ஆண்டுகள் இடைவிடாமல் பயன்படுத்தினால், பொதுவழியாக்கும் எண்ணம் தனக்கு இருந்ததில்லை என்று உரிமையாளர் காட்டினாலன்றி, அது பொதுவழியாகிவிட்டதாகக் கொள்ளவேண்டும் என்கிறது 1980ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம். நடந்தவர்களின் கால்களே அங்கே பத்திரம் எழுதுகின்றன. பாதையில்லாத மேட்டுநிலங்களில் அந்த உரிமையும் இருக்கவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று பென்னி ராத்மன் தலைமையில் கிண்டர் ஸ்கௌட் மலைமேட்டில் அத்துமீறி ஏறிய இளைஞர்களில் ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். இன்று அதே மேட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். அந்த இளைஞர்கள் சிறை சென்று திறந்த ஊர்ப்புறத்தை நீங்கள் கார்க் கண்ணாடி வழியே பார்த்துத் திரும்புவதா?

அந்தக் கற்களுக்காவது அரைமணி நேரம் கொடுத்திருக்கலாம். அந்தப் பாறையில் செதுக்கிய கல்லில் அரைத்தால் மாவு சாம்பல் நிறமாகும். வெள்ளை ரொட்டிக்குப் பழகியவர்கள் பிரெஞ்சுக் கல்லை நாடியதும், செதுக்கி முடித்தவை செதுக்கிய இடத்திலேயே கிடந்துவிட்டன. நான் உட்கார்ந்த கல்லின் நடுத்துளையில் ஒரு சிறு பெரணி முளைத்திருந்தது; விளிம்பில் உளித்தடங்கள் சாய்வாக, வரிசை தப்பாமல் இருந்தன. விற்காது என்று அறியாமல், கடைசி வரியையும் அதே கவனத்தோடு கொத்தியிருக்கிறான் அந்தக் கல்தச்சன். இன்று அப்பகுதியை உள்ளடக்கிய பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவின் சின்னமே ஆலைக்கல்தான்.

எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். அடுத்த ஞாயிறு காரை வீட்டில் விட்டுவிட்டு, பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆரஞ்சு அட்டை வரைபடத்தோடு ஹேதர்சேஜில் இறங்குங்கள். விட்டுவிட்டு வரைந்த பச்சைச் சிறுகோடுகள்தான் பாதைகள். செருப்பு வேண்டாம், கணுக்கால்வரை சேறு இருக்கும். எழுதுவதைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.